செயினுக்கு எத்தனை கண்ணி?

கேள்வி: மலைச் சைக்கிளுக்குச் செயின் நீளத்தை எப்படிக் கணிப்பது?

பதில்: செயினை, அதைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தாவச் செய்யும் பின் கியர் மாற்றியின் ஊடே நுழைக்காமல், முன்னும் பின்னும் உள்ள மிகப் பெரிய பல்சக்கரங்களின் மேல் நேராகச் சுற்றி, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணிகளை, அதாவது கண்ணிக்கு 12.7 மில்லிமீட்டர் வீதம் 25.4 மில்லிமீட்டரைக் கூட்டி வெட்டுவதே வழக்கமான முறையாகும். பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியிலோ, அது அமுங்கும்போது பின் அச்சு பெடல் அச்சை விட்டு விலகக்கூடும் என்பதால், அவ்விடைவெளி மிகுதியாகும் நிலையில் அமுக்கிவைத்தே அளக்க வேண்டும். சும்மா நிறுத்திவைத்து அளந்தவருக்கு ஏதேனும் ஒரு பள்ளம் மறு அளவெடுத்துக் கொடுத்து, கூலியாகக் கியர் மாற்றியையே பிடுங்கிக்கொள்ளும். ஓரிரு கண்ணிகள் மிஞ்சிய செயின் சட்டத்தில் அடித்துப் புலம்புவதோடு பெரும்பாலும் அடங்கிவிடும்.