அதுக்கென்னண்ணே!

ஃபீஸ் கேட்க எனக்குக் கூச்சம். அதை மறைக்கத் தேதி கொடுப்பேன். ‘அட்வான்ஸ் போட்டுவிடுங்க’ என்று தொண்டைவரை வந்தது, வாயைத் திறக்கும்போது ‘தீபாவளிக்குள்ள கான்கிரீட் போட்டிரலாம்ணே’ என்று மாறியிருக்கும்.

கொடைக்கானல் மலையில் இருக்கும் அடுக்கத்தில், ஐப்பசியில், கான்கிரீட்! வடகிழக்குப் பருவமழை பிடித்தால் கும்பக்கரையிலிருந்து ஏறும் ரோட்டில் எங்காவது மண் சரியும். வத்தலக்குண்டு சுற்றிப் பெருமாள்மலை வழியாகக் கொண்டுவந்தால் லோடு வாடகை எகிறும். மழை விடும்போது கொத்தனார் பெரியகுளத்தில் வேறு வேலையைப் பிடித்திருப்பார். அவரைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் கொடைக்கானல் சீசன். சிமென்ட் லாரி டூரிஸ்ட் கார்களுக்குப் பின்னால் நிற்கும். தெரியாமலா தேதி சொன்னேன்? தெரிந்துதான். எதிரில் இருப்பவர் முகம் மலர வேண்டும், அவ்வளவுதான்.

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆர்க்கிடெக்ட் கவுன்சில், என்னைப் போன்றவர்களுக்காகவே கட்டண அட்டவணை போட்டது. தனி வீட்டுக்குக் கட்டுமானச் செலவில் 7.5 சதவீதம், வேலையை ஒப்படைக்கும்போதே ஒரு பங்கு, பிறகு வேலை நகர நகரத் தவணைகள். பிரின்ட் எடுத்துப் பையிலேயே வைத்திருந்தேன். மனை பார்க்கப் போன இடத்தில் அதை வெளியே எடுக்கவும் செய்தேன். பின்பக்கத்தில் சரிவின் அளவைக் குறித்துக்கொண்டு மடித்து வைத்துவிட்டேன்.

அந்த மனைக்காரர் மதுரைக்காரர். சரிவை வெட்டிச் சமமாக்கி, உயரமாகத் தாங்குசுவர் எழுப்பச் சொன்னார். வெட்டின சரிவு மழையில் சும்மா இருக்காது, வீட்டையே படிப்படியாக இறக்குவோம் என்று மன்றாடிச் சம்மதிக்க வைத்தேன். யோசனை சரிதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் செலவில் மிச்சமான ஒவ்வொரு லட்சத்துக்கும் என் ஃபீஸில் 7,500 ரூபாய் கரைந்தது பில் எழுதும்போதுதான் உறைத்தது. ஒழுங்காக வேலை செய்தால் கூலி குறையும் என்ற ஒப்பந்தத்தை டைப் அடித்தவனும் நான்தான். அதன்பிறகு சதுர அடிக் கணக்குக்கு மாறினேன். அதில் வராந்தாவைச் சேர்க்க மறந்துவிடுவேன்.

“தம்பி, ஜன்னலை மட்டும் அந்தப் பக்கம் மாத்திருங்க. சின்ன வேலைதானே?” ஜன்னல் நகர்ந்தால் படிக்கட்டு நகரும், படிக்கட்டு நகர்ந்தால் குளியலறை நகரும். மொத்த வரைபடத்தையும் மறுபடி போட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இத்தனையையும் சுருக்கி, “அதுக்கென்னண்ணே” என்பேன்.

கொடைக்கானல் பக்கம் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது. பூப்பதற்குள் பால் காய்ச்சிவிடலாம் என்று அந்த மதுரை அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பூத்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அண்ணன் அங்கேயே நாற்காலி போட்டுக் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார், கோபிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையில் என் கடைசித் தவணை கேட்கப்படாமலே போயிற்று.

சமீபத்தில் போன் செய்தார். “தம்பி, மாடியில ஒரு ரூம் எடுக்கணும். அடுத்த குறிஞ்சி 2030ஆமே, அதுக்குள்ள முடிஞ்சிருமா?”

பழைய பாக்கியைக் கேட்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

“தாராளமாண்ணே,” என்றேன். “அதுக்கு முன்னாடியே முடிச்சிரலாம்.”