புஷ் மாத்தப் போற மாப்பிள்ளைக்கு

என்ன மாப்ளே, ஸ்விஃப்டுக்குப் பின்பக்கத்து புஷ்ஷை நீயே மாத்தப் போறியாமே? அக்கா சொன்னா. போன்ல வீடியோ பாத்து, ஆன்லைன்ல ஒரு ஜோடி புஷ் வாங்கி, அதைச் சாமி படத்துக்கு முன்னாடி வேற வச்சிருக்கியாம். ரொம்ப சந்தோசம்யா. மெக்கானிக் கூலி மிச்சம். அந்தக் காசைப் பத்திரமா எடுத்து வை, உன் முதுகுக்குத் தைலம் வாங்க ஆகும்.

ஆமா, சத்தம் புஷ்லருந்துதான் வருதுன்னு உனக்கு யார் சொன்னது? ஸ்பீடு பிரேக்கர்ல இறங்குறப்போ ‘தொடுக்கு’ங்குது, அவ்வளவுதானே? டிக்கியைத் தொறந்து பாத்தியா? ஜாக்கியும் வீல் ஸ்பானரும் கட்டில்லாம உருண்டாலும் அதே ‘தொடுக்கு’தான். ஸ்டெப்னி லூசா இருந்தாலும் அதேதான். ஷாக் அப்சார்பர் மேல்புஷ் தேஞ்சாலும் அதேதான். எல்லாத்தையும் இறுக்கிக் கட்டிட்டு ஒரு தரம் ஓட்டிப் பாரு. அப்பவும் சத்தம் வந்தா, நேர் ரோட்டுல லேன் மாறும்போது பின்பக்கம் தனியா ஒரு யோசனை பண்ணிட்டு வர்ற மாதிரி ஆடுதான்னு பாரு. அடியில லைட் அடிச்சா ரப்பர் ஓரத்துல பொடிப்பொடியா வெடிப்பு தெரியும். அது வயசான அடையாளம், பயப்படாதே. புஷ் போச்சுன்னு சொல்லணும்னா, ரப்பர் இரும்பை விட்டுப் பிரிஞ்சு நிக்கணும், இல்ல போல்ட்டு நடுவுல இல்லாம ஒரு பக்கமா சாஞ்சிருக்கணும். நெம்புகோலைக் குடுத்து லேசா அசைச்சுப் பாரு, லொடலொடன்னு ஆடுனா காலம் முடிஞ்சது. லேசா அசைக்கச் சொன்னேன். கெணறு தோண்டுற பலத்துல நெம்புனா புதுசுகூடத்தான் ஆடும்.

சரி, அந்த புஷ் என்ன பண்ணுதுன்னாவது தெரியுமா? மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட மகன்தான் அது. வெளி ஓடு, ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற பீமோட ஒட்டிக்கிட்டது, உள் குழாயை போல்ட்டு பாடியோட பூட்டிருச்சு. நடுவுல இருக்கிற ரப்பர் ரெண்டு இரும்போடவும் ஒட்டிப் பிறந்தது. அது வழுக்காது, சுழலாது. சக்கரம் ஏறி இறங்கும்போது தானே முறுக்கி, தானே திரும்பிக்கும். கல்யாணமான உனக்கு இதுக்கு மேல விளக்கணுமா?

இப்ப வண்டியைத் தூக்குற கதைக்கு வா. ஹேண்ட் பிரேக் போட்டுட்டேன் மாமான்னு மார் தட்டாதே. உன் ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது பின் சக்கரத்தை. நீ தூக்கி அந்தரத்துல நிறுத்தப் போறதும் அதே பின் சக்கரத்தை. தரையில நிக்கிற முன் சக்கரத்தை அது எப்படிய்யா பிடிக்கும்? முன் வீல் ஓட்டுற வண்டி, அதனால முதல் கியர்ல போடு, முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடு. ஜாக்கி தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு ஸ்டாண்டு. வீடு கட்டுனப்போ மிஞ்சுன ஹாலோ பிளாக்கை அடுக்கிறாதே, அது சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும். தரையும் சிமெண்டுத் தரையா இருக்கட்டும், மண்ணுல ஸ்டாண்டு காலு இறங்கிரும். பீமோட நடுவயித்துல ஜாக்கியைக் குடுக்காதே, அது முறுக்கிக் குடுக்குறதுக்காகச் செஞ்சது, பாரம் சுமக்க இல்ல.

தூக்குறதுக்கு முன்னால ஒரு வேலை. வண்டி சமதரையில நிக்கிறப்பவே, ஒவ்வொரு பின் சக்கரத்தோட நடுப்புள்ளியிலருந்து மேல இருக்கிற வளைவு விளிம்பு வரைக்கும் டேப்பு வச்சு அளந்து சுவத்துல எழுதி வை. எதுக்குன்னு இப்ப சொல்ல மாட்டேன். சொன்னா அவசரத்துல அளக்காம விட்டுருவ.

போல்ட்டு கழட்டுறது துருவோட நடத்துற குடுமிப்பிடிச் சண்டை. முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு ஊறப்போடு. மரை கழண்டா வண்டிக்கும் சரி, மனுசனுக்கும் சரி, கஷ்டந்தான். பிரேக் ஹோசும் ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுபடாம கிளிப்பை எடுத்து விட்டுட்டு, பீமோட முன்பகுதியை மெதுவா இறக்கு. பழைய புஷ் எப்படி உக்காந்திருக்குன்னு பெயிண்டால ஒரு கோடு போட்டுக்க. அந்த ரப்பர்ல சில இடம் ஓட்டையா விட்டிருப்பான். அழகுக்காக இல்ல, எந்தப் பக்கம் இளகணும், எந்தப் பக்கம் விறைப்பா இருக்கணும்னு கணக்குப் பண்ணி வச்சது. அதைத் திருப்பிப் போட்டா வண்டி உன்னைத் திருப்பிப் போடும்.

பழசை வெளியே எடுக்கச் சிலபேர் கேஸ் வச்சுக் கொளுத்துவாங்க. தெரு பூரா டயர் எரிஞ்ச நாத்தம், பக்கத்து வீட்டுக்காரன் போலீசுக்குப் போன் பண்ணுவான். நீளமான மரை ராடு, கனமான வாஷர், அளவான குழாய்த்துண்டு வச்சு இழுத்தா அமைதியா வரும். வரலையா, ஆக்ஸா பிளேடால வெளி ஓட்டை மட்டும் உள்ளிருந்து அறு. பீமை அறுத்துட்டு, அறுத்தாச்சு மாமான்னு வந்து நிக்காதே.

புது புஷ்ஷை ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல ஐஸ் வைக்கிற இடத்துல வைக்கச் சொல்லியிருப்பானே உன் வீடியோ குரு? வை. 60 மில்லிமீட்டர் குறுக்களவு இரும்பு 50 டிகிரி குளிர்ந்தா 0.036 மில்லிமீட்டர் சுருங்கும், தலைமயிர்ல பாதி. ஒண்ணுமில்லாததுக்கு அது தேவலை, ஆனா கீரைக்கட்டோட வச்சு அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்காதே. இறக்குறதுக்குச் சோப்புத் தண்ணி போதும். மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில கரி குழைச்சு மை போட்ட பரம்பரை நாம, கை தானா கிரீஸ் டப்பாவுக்குத்தான் போகும். போகவிடாதே. பெட்ரோலிய கிரீஸும் எஞ்சின் ஆயிலும் பட்டா ரப்பர் ஊதிப்போயி இளகிரும்.

இப்ப அந்தச் சுவத்து அளவு. வண்டி தூக்கி நிக்கும்போது சக்கரம் தொங்கிக்கிட்டிருக்கும். அப்பவே போல்ட்டை முறுக்கிப் பூட்டுனியோ, தொங்குற கோணத்துலயே ரப்பரைப் பூட்டிட்டே. தரையில இறங்குன நிமிசமே அது முறுக்கிக்கிட்டுத்தான் நிக்கும். சும்மா நிறுத்தி வச்சாலும் அதுக்கு ஓய்வு இல்ல. தாய்க்கும் தாரத்துக்கும் நடுவுல கழுத்தைத் திருப்பியே நின்னவன் எத்தனை நாளைக்குத் தாங்குவான்? புது புஷ் சீக்கிரமே கிழியும், நீயும் கம்பெனிக்காரனைத் திட்டுவ. அதனால போல்ட்டைக் கையால லூசா மாட்டி விடு. பிறகு ஸ்பிரிங் உக்காருற இடத்துக்குக் கீழ ஜாக்கி குடுத்து, எழுதி வச்ச அளவு வர்ற வரைக்கும் சக்கரத்தை ஏத்து. அங்க நிறுத்தி, வண்டிக்கான மேனுவல்ல போட்டிருக்கிற டார்க் அளவுக்கு முறுக்கு. ரெண்டு பக்கமும் அப்படித்தான். வீடியோவுல இந்த இடத்தைத்தான் பாட்டுப் போட்டு வேகமா ஓட்டி விட்டிருப்பான்.

புஷ்ஷை உள்ள தள்ளுற அந்த ஒரு வேலை மட்டும் கைக்கு அடங்கலைன்னா, பீமைக் கழட்டி லேத் பட்டறை பிரஸ்ஸுக்குக் கொண்டு போ. அது தோல்வி இல்லய்யா, இடுப்புக்குச் செய்ற உபகாரம். பீமைச் சுமக்க மட்டும் என்னைக் கூப்பிடாதே, அன்னைக்கு எனக்குக் களத்துல வேலை இருக்கும். எந்த நாள்னு நீ முன்னாடியே சொல்லிட்டா, வேலையை அன்னைக்கே வச்சுக்குறேன்.

எல்லாம் முடிச்சுட்டு அலைன்மென்ட் கடைக்குப் போவ, போகத்தான் வேணும். முன் சக்கரத்தைச் சரி பண்ணுவான், பின்னாலயும் அளந்து காட்டுவான். அளக்கட்டும். ஆனா பின் சக்கரத்தையும் அட்ஜஸ்ட் பண்ணிட்டேன், அதுக்குத் தனியா காசுன்னு பில்லு நீட்டுனா, அடியில குனிஞ்சு எந்த நட்டைத் திருப்புனீங்கண்ணேன்னு மரியாதையாக் கேளு. இந்த வண்டி பீம்ல திருப்புறதுக்கு நட்டே கிடையாது.