பெட்டிக்குச் சுரங்கம், ஆளுக்கு அறிவிப்பு

திருவனந்தபுரத்துக்காரர்களுக்குத் தகவலில் எந்தக் குறையும் இல்லை. 2012இல் மோனோ ரயில் வருகிறது என்றார்கள். அதை மடித்து வைத்துவிட்டு லைட் மெட்ரோ என்றார்கள். மெட்ரோ பொறியாளர் ஈ. ஸ்ரீதரனும் டெல்லி மெட்ரோ நிறுவனமும் உத்தரவுக்குக் காத்திருந்து காத்திருந்து, 2018இல் கடையைச் சாத்திக்கொண்டு போனார்கள். 2025 நவம்பரில் பாப்பனம்கோடு முதல் ஈஞ்சக்கல் வரை 31 கிலோமீட்டர், 27 நிலையம் என்று புதுத் தடம் அறிவித்தார்கள். மற்ற ஊர்களில் ரயில் வேலை தொடங்கினால், எந்தத் தேதியில் தெருவை வெட்டுவோம் என்று கடைக்காரனுக்குத் துண்டுச் சீட்டாவது வரும். இங்கே பதின்மூன்று வருஷமாகச் சீட்டு மட்டும் வந்தது.

தெற்கே, துறைமுகம் எழுந்த விழிஞ்ஞத்துக்கு வாருங்கள். இங்கே வேலை நடந்தது, தகவல்தான் வழி தவறிவிட்டது. பொது விசாரணை நடத்தவில்லையா என்பார்கள். நடத்தினார்கள். மீனவன் பேசினான், அதிகாரி கேட்டுக்கொண்டார், கோப்பு மூடிக்கொண்டது. 2015 டிசம்பரில் வேலை தொடங்கியபோது ஆயிரம் நாளில் துறைமுகம் என்றது கட்டுகிற அதானி தரப்பு. கிரேன் ஏற்றிய முதல் கப்பல் 2023 அக்டோபரில் வந்தது. ஆயிரத்துக்குப் பிறகும் எண்கள் உண்டு என்பதைக் கரையில் இருந்தவர்கள் அப்படித்தான் படித்தார்கள்.

அதே கடற்கரையில் இருக்கும் வலியதுறைக்காரர்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பைக் கடலே எடுத்துக்கொண்டது. சர்வே எண் கேட்கவில்லை, நோட்டீஸ் ஒட்டவில்லை, வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போனது. குடும்பங்கள் சிமெண்ட் கிடங்கில் படுத்தன. கரை அரிக்கக் காரணம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் என்றார்கள் மீனவர்கள். இல்லை என்றது அரசு. சரி, வேலையை நிறுத்தி ஆய்வு செய்யுங்கள், குழுவில் எங்கள் ஆளையும் சேருங்கள் என்று 2022 ஆகஸ்டில் துறைமுக வாசலில் உட்கார்ந்தார்கள். நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். கிடைத்த பதில், வீடிழந்தவர்களுக்கு மாத வாடகை 5,500 ரூபாய். நவம்பரில் காவல் நிலையத்தை அடித்து நொறுக்கினார்கள், தப்புதான், நியாயப்படுத்தவில்லை. ஆனால் பேச்சை முடிவுக்குக் கொண்டுவரத் தெரியாத அரசுக்கு, 3,000 பேர் மேல் வழக்குப் போட மட்டும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது.

வெளிவட்டச் சாலைக்காரர்கள் கதை இன்னும் அழகு. விழிஞ்ஞத்திலிருந்து நாவாய்க்குளம் வரை சாலை வருகிறது என்று சர்வே எண் போட்டே அறிவிக்கை வந்தது. அதோடு நிலத்தை விற்கவும் வழியில்லை, அடகு வைக்கவும் வழியில்லை. இழப்பீடு எப்போது? அதற்கு அறிவிக்கை கிடையாது.

தமிழ்நாட்டுக்காரர்களான நாம் வேடிக்கை பார்க்கிற அண்டை வீட்டுக்காரர்களும் அல்ல. துறைமுகத்தின் அந்த அலைத்தடுப்புச் சுவருக்குக் குமரி மாவட்டத்து மலையும்தான் கல்லாகிப் போனது. மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் சாலை கடக்க நின்ற பள்ளிப் பிள்ளைகளைக் கேளுங்கள். டாரஸ் லாரியின் ஹாரன்தான் அவர்களுக்கு வந்த அதிகாரபூர்வ அறிவிப்பு.

இப்போது பாலராமபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை. பெரும்பகுதி பூமிக்கு அடியில். ஆள் ஏறுவதற்கு அல்ல, கண்டெய்னர் ஏறுவதற்கு. நகரத்து மனிதனுக்கு இத்தனை வருஷம் காகிதத்தில் ஓடிய ரயில், விழிஞ்ஞத்துப் பெட்டிக்கு மண்ணைக் குடைந்துகொண்டு வருகிறது. பாலராமபுரத்தில் தறி போட்ட சாலியர்கள் நம் பக்கத்திலிருந்து போனவர்கள். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிறவனுக்கு, மண் அதிர்ந்தால் முதலில் தெரியும். கன்சல்டன்ட் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தடத்துக்கு மேலே வீடோ கடையோ வைத்திருக்கிறவர்களே, யாரும் வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். வெடி வைக்கும் நாளையும் நேரத்தையும் எழுத்தில் கேளுங்கள். கிணற்றில் தண்ணீர் எத்தனை முழத்தில் நிற்கிறது என்று அளந்து குறித்து வையுங்கள். விரிசல் இல்லாத சுவரை இன்றைக்கே படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.