விழுந்த நட்டு

தொண்டாமுத்தூரில் பாக்கு விழுந்தால் மரத்தடியிலேயே கிடக்கும். கார் இன்ஜினுக்குள் விழுந்த நட்டு அப்படியல்ல. 'டிங்', 'டிங்' என்று இரண்டு சத்தம் கேட்கும். தரையில் விழும் மூன்றாவது சத்தம் வரவே வராது.

2014-இல் தயாரிப்பு நின்ற அம்பாசடரில் இந்த வம்பு குறைவு. பானெட்டுக்குள் ஆளே இறங்கி நிற்கலாம். நழுவியது பெரும்பாலும் மண்ணுக்கு வந்துவிடும். இப்போதைய கார்களுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு ஒன்று. போன வருஷத்து வாஷர், காய்ந்த பல்லி எல்லாம் அதில்தான் குடித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்தாம் நம்பர் நட்டைத் தவறவிட்டேன். காந்தக் குச்சி கண்ட இரும்பிலெல்லாம் ஒட்டியது, நட்டைத் தவிர. பித்தளையோ அலுமினியமோ என்றால் அது திரும்பியும் பார்க்காது.

கடைசியில் மெக்கானிக் வந்தார். "ஏனுங்ணா, பாக்ஸ் ஸ்பேனருக்குள்ள துளி கிரீஸ் தடவியிருந்தா நட்டு கையை விட்டுப் போயிருக்குமாங்க?"

அடித்தட்டைக் கழற்றினார். நட்டு கிடைத்தது. நட்டின் விலை 5 ரூபாய், கூலி 200. தட்டைத் திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப்பைக் காணவில்லை.