அம்மாவின் சைக்கிளும் என் ஸ்கூட்டரும்

1992 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன அறிவொளி இயக்கம் கூடவே சைக்கிளும் சொல்லிக்கொடுத்ததுதான் காரணம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்ணுக்கு எழுத்து எவ்வளவு முக்கியமோ நடமாட்டமும் அவ்வளவு முக்கியம் என்று நினைத்தவர். கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், கல் பட்டை தீட்டுகிறவர்கள், வயல் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். அதில் ஒரு வசதியும் இருந்தது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும் பாரில் ஒரு பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம்.

அப்படி உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

கீரனூர் பக்கம் எங்கள் ஊர். அம்மா எட்டாவது வரை படித்தவள். மூன்று பிள்ளைகள், மாமியார், ஒரு பசுமாடு, நடவு காலத்தில் வயல் வேலை. இத்தனைக்கும் நடுவில் அவள் அறிவொளித் தொண்டர் ஆனாள். ராத்திரி பிள்ளையார் கோயில் முன்னால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வகுப்பு நடக்கும். பக்கத்து ஊரில் வகுப்பு என்றால் சைக்கிளில் போவாள், கடைக்குட்டியான நான் பாரில். குத்தக்கூடாது என்று துண்டை நாலாக மடித்துப் பாரில் சுற்றிக் கட்டியிருப்பாள். பெல் அடிப்பது என் வேலை. அம்மாவின் அந்தக் காலத்துப் புடவை எதை எடுத்தாலும் கீழ் ஓரத்தில் செயின் மசியின் கறுப்புத் தீற்றல் இருக்கும். துவைத்தாலும் போகாது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்பா முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஆனால் எதிர்த்து என்ன பேச முடியும்? கலெக்டரே மேடையில் சொல்கிறார். தெருமுனையில் கலைக்குழு நாடகம் போடுகிறது, பாட்டுப் பாடுகிறது. டீக்கடைக்காரர் வீட்டு அத்தையும் போகிறாள். கொஞ்ச நாளில் ராத்திரிக்கு ரசம் வைப்பதும் எங்களுக்குச் சோறு போடுவதும் அப்பாவின் வேலை ஆயின. அந்த ரசத்தில் புளி தூக்கலாக இருக்கும். இன்றைக்கும் எனக்கு அந்த ருசிதான் பிடிக்கும்.

1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள். “அன்னிக்குத்தான் நான் யாருன்னு எனக்கே தெரிஞ்சுச்சு” என்று இப்போதும் சொல்வாள்.

இப்போது எனக்கு நாற்பது. திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. அம்மாவிடம் இருந்ததைவிட எல்லாமே என்னிடம் கூடுதல்: படிப்பு, சம்பளம், கேஸ் அடுப்பு, வாஷிங் மெஷின், சொந்த ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டர் போகும் பாதையைச் சொல்கிறேன். காலையில் பள்ளி, பிறகு அலுவலகம். சாயங்காலம் பெரியவளுக்குத் தில்லைநகரில் கணக்கு டியூஷன். சின்னவனுக்கு அதற்கு இரண்டு தெரு தள்ளி கீபோர்டு வகுப்பு. கால் வைக்கும் இடத்தில் கீபோர்டு பை நிற்கும், அதற்கு இரண்டு பக்கமும் என் கால்கள். வழியில் மாவு, காய், நாளைக்குப் பள்ளியில் கேட்டிருக்கும் சார்ட் பேப்பர். எனக்காக நான் போன இடம் என்று அந்தப் பாதையில் ஒன்றுகூட இல்லை. அம்மாவை வீட்டுக்கு வெளியே கொண்டுபோனது சைக்கிள். என் வீட்டை நான் போகிற இடத்துக்கெல்லாம் கொண்டுவருகிறது ஸ்கூட்டர்.

டியூஷன் வாசலில் சாயங்காலம் ஆறரை மணிக்கு வந்து பாருங்கள். வரிசையாக ஸ்கூட்டர்கள், அவற்றின் மேல் உட்கார்ந்தபடியே அம்மாக்கள். பட்டதாரிகள், முதுகலை படித்தவர்கள், ஒருத்தி கல்லூரியில் மாநில அளவில் கபடி ஆடியவள். எல்லார் கையிலும் போன், எல்லார் போனிலும் பள்ளியின் வாட்ஸ்அப் குரூப். ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம், ஆனால் ஒவ்வொருத்தியும் தனியாகத்தான் இருப்போம்.

தாயானவள் தனக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். காலை நாலரைக்கு எழுந்திரு, ஒரு நோட்டில் எழுது, உன்னைக் கண்டுபிடி என்று வீடியோக்கள் வருகின்றன. அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. தூக்கத்தில் இருந்து அறுத்து எடுக்கிற நேரம் அது. மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண் ஒருத்தி நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் செலவிடுவது 88 நிமிடம். 2019இல் அது 299, 97. ஐந்து வருடத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இந்தக் கணக்கை அப்படியே வைத்துவிட்டு, விடியற்காலையில் தனியாக எழுந்து நீயே உன்னைத் தேடிக்கொள் என்பது அக்கறை ஆகாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். “மாடு, வயலு, நாங்க மூணு பேரு. உனக்கு மட்டும் எப்படிம்மா நேரம் கெடைச்சுச்சு?”

“நேரம் எங்கடி கெடைச்சுச்சு? பொழுது சாஞ்சா பெட்ரோமாக்ஸத் தூக்கிக்கிட்டு நாலு பொம்பளைக வாசல்ல வந்து நிப்பாளுக. போகாம இருக்க முடியுமா? உங்கப்பா வேணாம்னு சொல்லணும்னா அவளுககிட்டல்ல சொல்லணும்!”

பல வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த பதில் இதுதான். அம்மா கெட்டிக்காரி, சந்தேகமில்லை. ஆனால் வாசலில் நாலு பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓர் இயக்கமே நின்றது. வண்டி கொடுக்கும் திட்டங்கள் பிறகும் வந்தன. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது. எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா அதில் வாங்கிய வண்டியில்தான் இன்றும் வருகிறார். சுய உதவிக் குழுக்கள் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. ஆனாலும் அங்கே பேச்சு பெரும்பாலும் கடனையும் தவணையையும் சுற்றியே இருக்கிறது. “வாடி, போகலாம்” என்று கூப்பிட வாசலுக்கு வருகிற ஆள் இப்போது இல்லை.

அதனால் ஊரில் இருந்து வந்ததும் டியூஷன் வாசலில் நான் பேச்சை ஆரம்பித்தேன். நாங்கள் நாலு பேர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். முறைவைத்து ஒருத்தி எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள், மற்ற மூன்று பேரும் போகலாம். சனிக்கிழமை சாயங்காலமும் ராத்திரியும் வீட்டில் அடுப்பு அவரவர் கணவர் பொறுப்பு. இரண்டாவது விஷயத்துக்குத்தான் பேச்சுவார்த்தை நீண்டது. ஒரு வீட்டில் இன்னும் முடியவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரிய நாளானது. பள்ளிக்கூடத்தில் சித்தன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் கூட்டிப்போனபோது கல்லில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தது ஞாபகம் வந்தது. இப்போது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கல்வெட்டு படிக்கக் கற்கிறேன். தில்லைநகரில் இருந்து உய்யக்கொண்டான் திருமலைக் கோயில் பக்கம்தான். சோழர் காலக் கல்வெட்டுகள் அந்தக் கோயிலில் இருக்கின்றன. டார்ச்சை நேராகப் பிடித்தால் எதுவும் தெரியாது. சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், வெறும் கல்லாக இருந்த இடத்தில் பள்ளம் பள்ளமாக எழுத்து எழும்பி வரும். பெரும்பாலும் புள்ளி இருக்காது. எது மெய், எது உயிர்மெய் என்று வாக்கியத்தை வைத்து நாம்தான் பிரிக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்பது பழைய விளக்குக் கொடைகளில் திரும்பத் திரும்ப வருகிற தொடர். கோயிலில் விளக்கு அணையாமல் எரிய ஒருவர் தொண்ணூறு ஆடுகளைக் கொடுப்பார். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளை வைத்து எண்ணிக்கை குறையாமல் காத்து, நெய் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. யார் உதவியும் இல்லாமல் அந்தத் தொடரை நானே கூட்டிப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அம்மாவின் வகுப்புக்கு வந்த ஒரு கிழவி, பஸ் போர்டைத் தானே படித்துவிட்டு நடத்துனரிடம் ஊர் கேட்காமல் ஏறினாளாம். அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

சில சனிக்கிழமைகளில் சின்னவனும் வருவேன் என்பான். டார்ச் பிடிக்கிற வேலை அவனுக்கு. பெரியவளுக்கு இதில் துளியும் ஆர்வமில்லை. பரவாயில்லை, இது அவளுக்காக ஆரம்பித்தது அல்ல.

பரீட்சை மாதத்தில் ஏற்பாடு குலைந்துபோகிறது, மறுபடி பேசிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தெருவில் இருந்து இன்னும் மூன்று பேர் சேருகிறோம் என்கிறார்கள். கபடி ஆடியவள் மைதானம் தேடிக்கொண்டிருக்கிறாள். புதிதாக வருகிறவர்களில் ஒருத்திக்கு நீச்சல் கற்க வேண்டும். இன்னொருத்தி கைக்குழந்தைக்காரி. அவள் கேட்டது இரண்டு மணி நேரத் தூக்கம். அவளுக்கும் சனிக்கிழமை ஒதுக்கியிருக்கிறோம். முதல் வாரம் குழந்தை என் பொறுப்பு.