ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பதினேழு: ஒரு சாஸ்திர விசாரணை

குதிரைக்கு லட்சணம் சொல்லி, ரத்தினத்துக்குப் பரீட்சை வகுத்து, பல்லி எந்த அங்கத்தில் விழுந்தால் என்ன பலன் என்பது வரையில் நூல் செய்து வைத்துப்போன நம் முன்னோர், விடுமுறை நாளை அனுபவிக்கும் முறையைப் பற்றி மட்டும் ஒரு சிறு பிரகரணம்கூட எழுதாமல் விட்டது ஏன் என்பது பண்டிதர்கள் இதுவரை எடுத்துக்கொள்ளாத விஷயம். அவர்களுக்கு ஓய்வு தெரியாது என்று சொல்ல முடியாது. வேத பாடசாலைகளில் பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி என்று அநத்யயன தினங்கள் இருந்தன; திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஆகாயத்தில் சந்திரன் தேய்வதைப் பார்த்தே தன் விடுதலையைக் கணக்கிட்டு வந்தான். ஆயினும் ஆபீஸ் என்னும் ஸ்தாபனமே ஏற்படாத ஒரு காலத்தில், ஆபீஸுக்குப் போகாமலிருப்பது என்னும் ஆனந்தம் மட்டும் எங்கிருந்து வரும்? ஆகவே பழியை அவர்கள் மீது சுமத்தாமல், விட்ட இடத்தை நாமே நிரப்ப முயல்வதுதான் முறை.

வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஞாயிறு, என்ற ஏற்பாடு நமக்கு வந்து சேர்ந்த வழி நீண்டது. கி.பி. 321-ல் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன், சூரியனுக்குரிய நாளில் நியாயாதிபதிகளும் நகரத்து ஜனங்களும் கைத்தொழிலாளரும் ஓய்ந்திருக்க வேண்டுமென்று கட்டளையிட்டார். விவசாயிக்கு மட்டும் அந்நாளிலும் வேலை செய்ய அனுமதி தந்தார். இந்தியாவில் பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக 1884-ல் சங்கம் கண்ட நாராயண் மேகாஜி லோகண்டே வருஷக் கணக்காகப் போராடியதன் பேரில், 1890-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி அங்குள்ள ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தார்கள். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வாரத்தின் முதல் நாளில் யாரையும் வேலைக்கு அழைக்கலாகாது, தவிர்க்க முடியாமல் அழைத்தாலும் முன்பின் மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை கொடுத்துவிட வேண்டும், எப்படியும் பத்து நாளுக்கு மேல் ஒருவனைத் தொடர்ந்து உழைக்க விடலாகாது என்றெல்லாம் நுணுக்கமாக விதித்தது. நாளைக் கொடுத்த சட்டம், அந்த நாளின் சுகம் எந்த மணியில் இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு ஷரத்தும் போடவில்லை.

தர்க்க சங்கிரகம் படித்தவர்கள் அறிவார்கள்: ஒரு பொருளுக்கு லட்சணம் சொன்னால் அதில் அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என்ற மூன்று தோஷங்களும் நேரக் கூடாது. பசுவுக்குக் ‘கொம்புடையது’ என்று லட்சணம் சொன்னால் எருமையும் உள்ளே வந்துவிடும். அப்படியே, ‘வேலை செய்யாதிருத்தலே விடுமுறைச் சுகம்’ என்று சொல்லிவிட்டால், பென்ஷன் வாங்குகிறவர் உடனே உள்ளே நுழைந்துவிடுகிறார், அவரோ ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நின்று, “இன்னைக்கு என்ன கிழமைங்க?” என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவர். ‘சம்பளத்தோடு வேலை செய்யாதிருத்தல்’ என்று திருத்திப் பார்த்தாலோ, அது பல ஆபீஸ்களில் ஆபீஸுக்குள்ளேயே நிகழ்வது பிரத்தியட்சம். ‘வீட்டில் இருந்துகொண்டு சம்பளத்தோடு வேலை செய்யாதிருத்தல்’ என்று மேலும் குறுக்கினால், மெடிக்கல் லீவில் மிளகு ரசச் சாதத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜுரக்காரன் அகப்படுகிறான். ஆகையால் சித்தாந்த லட்சணம் பின்வருமாறு: வேலை நாளில் தன்னை விரட்டுகிற நேரமானது வந்து, தன்னை விரட்டாமல் கடந்து போவதை, சரீர சௌக்கியத்தோடும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமலும், பார்த்துக்கொண்டிருத்தல்.

இதற்கு உதாரணமாகக் குரோம்பேட்டையில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவைக் கற்பித்துக்கொள்வோம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல், அந்தத் தடத்தில் வாழ்கிறவர்கள் தங்கள் ரயிலுக்கு மணியையே பெயராக வைத்துக்கொண்டார்கள். நம்மவருக்கு வாய்த்தது எட்டுப் பதினேழு. திங்கள் முதல் அந்த வண்டியின் நிமித்தம் அவர் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு கடிகாரத்தைப் பார்க்கிறார்; நின்றபடி இட்லியை விழுங்குகிறார்; குடையை மறந்து, தெரு முனை வரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு ஓடுகிறார். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பதினேழுக்கு அவர் வாசல் திண்ணையில் இரண்டாவது காப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். வேலை நாளில் டம்ளரிலிருந்து டவராவுக்கும் டவராவிலிருந்து டம்ளருக்கும் அவர் காப்பியை மாற்றி ஆற்றுவது, நாக்கு வேகாமல் சீக்கிரம் குடித்துத் தொலைப்பதற்காக. அன்றைக்கோ அதே காப்பியை அதே இரண்டு பாத்திரங்களில் முழங்கை உயரத்துக்குத் தூக்கி ஆற்றுவது, நுரை எவ்வளவு வருகிறதென்று பார்ப்பதற்காக. கிரியை ஒன்றே, முன்னது கர்மம், பின்னது லீலை.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ரயில்வேயார் வேறு அட்டவணை வைத்து, வண்டிகளைக் குறைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு நம்மவருடைய எட்டுப் பதினேழு ஓடுவதே இல்லை. ஆகவே அவர் காதைக் கொடுத்துக் கேட்டு இன்புறுவது ரயிலின் சத்தத்தை அன்று; அந்தச் சத்தம் இல்லாமையை. இல்லாமை என்பதைப் புலன் கொண்டு அறிய முடியுமா? முடியும், அபாவமும் பிரத்தியட்சமே என்பார்கள் நையாயிகர்கள். முடியாது, அதற்கு அனுபலப்தி என்று தனிப் பிரமாணம் வேண்டும் என்பார்கள் பாட்ட மீமாம்சகர்கள். நூற்றாண்டுகளாகத் தீராத இந்த வழக்கில் நம் குமாஸ்தா எந்தக் கட்சி என்று கேட்டால், அவர் கண்ணை மூடிக்கொண்டு “ஆகா” என்கிறார். அதை எந்தக் கட்சியார் வேண்டுமானாலும் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனிப் பூர்வபட்சம். செவ்வாய்வாதிகள் என்று நான் பெயரிட்டிருக்கும் ஒரு கூட்டத்தார், ஊரே சும்மா இருக்கும் நாளில் சும்மா இருப்பதில் சுவை ஏது, ஊர் ஓடும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பதே சுவை என்று சாதித்து, அதன் பொருட்டு ஒரு செவ்வாய்க்கிழமையில் காஷுவல் லீவு போடுகிறார்கள். கேட்பதற்குப் பலமான வாதந்தான். ஆனால் இந்தப் பரீட்சையை ஒரு தேசமே பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. 1929-ல் சோவியத் நாட்டில் இயந்திரங்கள் ஒருநாளும் நிற்கலாகாதென்று, வாரத்தை ஐந்து நாளாக்கி, தொழிலாளரையும் ஐந்து பிரிவாக்கி, ஆளுக்கொரு நாள் ஓய்வு கொடுத்தார்கள். கணவனுக்கு ஓய்வான நாளில் மனைவி ஆலையில். மனைவிக்கு ஓய்வான நாளில் பிள்ளை பள்ளிக்கூடத்தில். ஜனங்கள் முணுமுணுத்தார்கள், இயந்திரங்களும் பழுதுபார்க்க ஓய்வின்றிக் கெட்டன. 1931-ல் எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாள் திரும்பியது, 1940-ல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பின. இந்த வரலாற்றைக் காட்டிய பிறகும் செவ்வாய்வாதி அடங்கவில்லையென்றால், அவர் லீவு போட்ட அன்று பால்காரர், பூக்காரம்மாள், எதிர் வீட்டு மாமி ஆகியோர் வரிசையாக “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று விசாரித்ததை நினைவூட்டினால் போதும். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமை என்ற அம்சம் அங்கே அடிபட்டுப்போகிறது.

எண்ணெய் ஸ்நானத்தில் வேறு சங்கடம். ஆண்களுக்குப் புதனும் சனியும் என்பது பெரியோர் ஏற்பாடு. சனிக்கிழமையும் ஆபீஸ் உள்ளவன் என்ன செய்வான்? ஞாயிற்றுக்கிழமையே பலகையைப் போட்டு உட்கார்ந்து, மிளகும் சீரகமும் பொரித்த நல்லெண்ணெய் காதோரம் வழிய, சீயக்காய் கண்ணில் விழாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, சாஸ்திரத்துக்கு விரோதமாகக் குளித்து முடிக்கிறான். அத்தோடு நின்றால் குற்றம் ஒன்று. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாதென்று ஒரு நிஷேதம் இருக்கிறது. அதற்கென்றே படைக்கப்பட்டவை போன்ற கத்தரிக்காய் வற்றக்குழம்பும் அப்பளமும் இலையில் வந்து விழுகின்றன. பகல் தூக்கத்துக்குச் சரக சம்ஹிதை பொதுவாகக் கிரீஷ்ம ருதுவில் மட்டும் விலக்கு அளிக்கிறது. சென்னையில் கிரீஷ்மம் எந்த மாதத்தில் முடிகிறது என்று அது சொல்லாமல் விட்டதை அனுகூலமாகக் கொண்டு, நம்மவர் மார்கழியிலும் பாயை விரிக்கிறார்.

இத்தனை ஆராய்ச்சியும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் பொருந்துகிறதே என்ற ஆட்சேபத்தை நான் மறைக்கப் போவதில்லை. விவசாயிக்குக் கான்ஸ்டன்டைன் சொன்ன காரணம், தக்க தருணம் தப்பினால் விளைச்சலும் தப்பும் என்பது. அந்தக் காரணத்தைச் சொல்லாமலே ஒவ்வொரு வீட்டிலும் அமல்படுத்தியிருக்கிறார்கள்: ஊறப்போட்ட உளுந்து கிழமை பார்ப்பதில்லை, பொங்குகிற பால் காத்திருப்பதில்லை. போதாக்குறைக்கு, மற்ற ஆறு நாளும் இட்லியோடு திருப்தி அடைகிறவர்கள் அன்றைக்குப் பூரி மசால் கேட்கிறார்கள். இரண்டாவது காப்பி தானாக வந்ததாக எந்தப் பிரமாணமும் இல்லை. இந்தப் பகுதியை விரித்து எழுத வேண்டியவர்கள், எழுத நேரமில்லாதவர்கள்.

கைபேசி வந்த பிறகு சுகத்துக்கு நேர்ந்த பிரதிபந்தகம் தனி நூலாகும். பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், வேலை நேரத்துக்கு அப்பால் ஆபீஸ் செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையைச் சட்டமே ஏற்றிருக்கிறது. நம்மவர் அதே பலனை, கைபேசியை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்து அடைகிறார்.

எஞ்சியிருப்பது ஒரே வினா: ஞாயிறு எப்போது முடிகிறது? பஞ்சாங்கப்படி மறுநாள் சூரியோதயத்தில். ரயில்வே கணக்கில் நள்ளிரவில். யூதர்களுடைய சபாத்து, ஆகாயத்தில் மூன்று நட்சத்திரங்கள் தோன்றும்போது நிறைவுறுகிறது. நம் பக்கத்து அனுபவமோ இவற்றில் எதனோடும் ஒத்துவரவில்லை. மாலை ஆறரை மணி வாக்கில், இஸ்திரிக்காரர் ஐந்து சட்டைகளை மடித்துக் கொண்டுவந்து கொடுக்கும்போது ஞாயிறு தளர்கிறது, சமையலறையிலிருந்து, “ஏங்க, நாளைக்கு டப்பாவுக்கு என்ன கட்டட்டும்?” என்று குரல் வருகையில் பூரணமாக முடிகிறது. “எதுவானாலும் சரி” என்று அவர் சொல்வதை விடையாகக் கொள்வதா, மௌனமாகக் கொள்வதா என்பதில் குடும்பத்துக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. திங்கட்கிழமை மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் தெரியவரும் எலுமிச்சம்பழச் சாதமே அதற்கு நிர்ணயம்.