நீரோ போட்ட கூலிங் கிளாஸ்

கூலிங் கிளாஸைக் கண்டுபிடித்தது துபாய் என்றுதான் அதிராம்பட்டினத்தில் ஒரு தலைமுறையே நம்பிக்கொண்டிருந்தது. சபர் என்று வெளிநாட்டுக்குப் போன காக்காமார், அதாவது அண்ணன்மார், லீவில் வந்து இறங்கும்போது தோளில் டேப் ரிக்கார்டர், சட்டையில் சென்ட்டு வாசம், முகத்தில் கறுப்புக் கண்ணாடி. கம்பன் எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே வந்து சேர்ந்தாலும் சரி, அது முகத்தைவிட்டு இறங்காது. இருட்டில் என்ன கண் கூசுகிறது என்று கேட்டவனுக்குப் பொறாமைக்காரன் என்று பெயர்.

வருத்தத்தோடுதான் சொல்கிறேன் காக்கா, உங்களை முந்திக்கொண்ட ஆள் ஒருவர் இருக்கிறார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி நீரோ. கத்திச் சண்டை வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதை மரகதத்தில் பார்த்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். மரகதத்தை ஊடுருவிப் பார்த்தாரா, கண்ணாடிபோல் அதில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்தாரா என்று அறிஞர்கள் இன்னும் முடிவு கட்டவில்லை. பச்சை கண்ணுக்கு இதம், ரத்தினக் கல்லில் வேலை செய்கிறவர்கள் கண் களைத்தால் மரகதத்தைப் பார்த்து இளைப்பாறுவார்கள் என்பதும் அதே பிளினி கொடுத்த தகவல்தான். கூலியாள் களைத்தால் முதலாளியின் சரக்கைப் பார்த்துத் தெம்பு ஏற்றிக்கொள்ள வேண்டும். எப்பேர்ப்பட்ட நிர்வாகத் திறமை! ஆனால் பிளினி சொன்னதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாங்க வேண்டும். எரிமலை வெடிக்கிறது என்றதும் ஊரே எதிர்ப்பக்கம் ஓட, அதை நோக்கிக் கப்பலைத் திருப்பி கி.பி. 79-இல் உயிரை விட்ட மனிதர் அவர்.

நீரோ எதையும் சோதிக்கவில்லை. சக்கரவர்த்திகள் சோதிப்பதில்லை, பிடித்தால் போட்டுக்கொள்வார்கள். படிக்கும்போது கண் வலிக்கிறது, நிறக் கண்ணாடி போட்டால் தேவலையா என்று கேள்வியாகவே கேட்டவர், என் கணக்கில், லண்டன் கடற்படை அலுவலகத்து சாமுவேல் பீப்ஸ்தான்.

1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தபோது சீஸ் கட்டியையும் ஒயினையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு ஓடியவர் இவர். அத்தனை விவேகி. ராப்பகலாக மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணக்கு எழுதி, அது போதாதென்று நாட்குறிப்பும் எழுதியதில் கண் எரிச்சல், வலி, நீர் வடிதல். டிசம்பர் 24-ஆம் தேதி பச்சைக் கண்ணாடி ஒன்று வாங்கினார். கண்ணுக்கு உதவுமா உதவாதா பார்ப்போம் என்று அன்றைக்கே குறித்தும் வைத்தார். அடடா, ஆராய்ச்சித் திட்டம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது! ஆள் ஒன்று, கண்ணாடி ஒன்று, ஒப்பிட இன்னொன்று கிடையாது, முடிவை எழுதவேண்டியவரும் காசு கொடுத்தவரும் ஒருவரே. பிற்காலத்தில் வந்த பல ஆராய்ச்சிகள் இந்த இடத்தைத் தாண்டவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பச்சை கைகொடுக்கவில்லை. 1668-இல் காகிதக் குழாய் சுருட்டி அதன் வழியாகப் படித்துப் பார்த்தார். 1669 மே 31-ஆம் தேதி, இனி எழுதினால் கண் அவிந்துபோகும் என்று பயந்து, உலகப் புகழ் பெறப்போகிற நாட்குறிப்பையே மூடிவிட்டார். அதன்பிறகு 34 வருஷம் இருந்தார், கண் அவியவே இல்லை. அவருக்கு இருந்தது வெறும் தூரப்பார்வைக் கோளாறும் அஸ்டிக்மாட்டிசமும் என்பது இந்தக் காலத்து டாக்டர்களின் ஊகம். அஸ்டிக்மாட்டிசத்துக்கான உருளை லென்ஸை வானியலாளர் ஜார்ஜ் ஏரி தனக்காகச் செய்துகொண்டது 1825-இல்தான். ஆக, பவர் பார்க்க வேண்டிய கண்ணுக்கு நிறம் பார்த்திருக்கிறார். இன்றைக்கும் பிள்ளை படிக்கும்போது கண்ணைக் கசக்கினால் முதல் வேலை பவர் சோதிப்பதுதான், கலர் எல்லாம் அப்புறம்.

உண்மையில் கண் நொந்தவர் இன்னொருவர். பீப்ஸ் எழுதியது சுருக்கெழுத்தில். அதைப் பெயர்த்தெழுத ஜான் ஸ்மித் என்ற மாணவரை 1819-இல் உட்கார்த்தினார்கள். மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு முடித்தார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் நாட்குறிப்பு இருந்த அதே நூலகத்தில், பீப்ஸின் புத்தகங்களோடு புத்தகமாக இருந்தது.

நம் பக்கம் படிக்கிற கண்ணின் சங்கடத்தை வேறு மாதிரி தீர்த்திருந்தார்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறியது கண்ணுக்குச் சரியாகத் தெரியாதா? மஞ்சளும் கோவையிலைச் சாறும் விளக்குக் கரியும் தடவு. நிறத்தைக் கண்ணில் மாட்டாமல் ஓலையில் பூசிவிட்டார்கள், காது வலியும் மிச்சம். அப்படி மை பூசிய ஓலைகள் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கும் தஞ்சாவூர் சரசுவதி மகாலில்தான் இரண்டாம் சரபோஜியின் கண் வைத்தியக் குறிப்புகளும் கிடைத்தன. 1832-இல் காலமான அந்த ராஜா, தன்வந்திரி மகாலில் நோயாளியின் கண்ணை வர்ணத்தில் வரைந்து, என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று ஆளுக்கொரு தாள் எழுதிவைக்கச் செய்தார். கும்பினிக்காரன் ராஜ்யத்தை வாங்கிக்கொண்டு கோட்டையை மட்டும் விட்டுவைத்தால் வேறென்ன செய்வது? மற்ற ராஜாக்கள் செய்ததை இங்கே எழுதினால் குடும்பப் பத்திரிகையில் போட மாட்டார்கள். சரபோஜி கேஸ் ஷீட் எழுதினார்.

இதே வேளையில் மேற்கே நிறப் பைத்தியம் முற்றிக்கொண்டிருந்தது. 1750-களிலேயே லண்டன் கண்ணாடிக்காரர் ஜேம்ஸ் ஐஸ்கா, வெள்ளைக் கண்ணாடி கண்ணைக் கூசவைக்கும், பச்சையோ நீலமோ போடுங்கள் என்று விளம்பரம் செய்துவிட்டார். விற்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கிரீடத்தை அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஜெனரல் அகஸ்டஸ் பிளசன்டனுக்குத்தான் சூட்ட வேண்டும். திராட்சைக் கொட்டகையின் கூரையில் இடையிடையே நீலக் கண்ணாடி பதித்தார், கொடி எகிறியது. பன்றிக் குட்டிகளை நீல வெளிச்சத்தில் வளர்த்தார், எடை கூடியது. நீலம் சர்வரோக நிவாரணி என்று முடிவு கட்டி 1876-இல் புத்தகம் போட்டார். வாசகரின் கண் நோகக் கூடாதாம், நீலத் தாளில் நீல மையால் அச்சடித்தார்! அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்தவர்களின் கண்ணை யாரும் சோதிக்கவில்லை. 1877-இல் அமெரிக்கா முழுவதும் நீலக் கண்ணாடி மோகம் பிடித்தது. சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகை கிழித்துப் போட்டது, மோகமும் அடங்கியது.

தமிழ்நாட்டுக்கு மோகம் நூறு வருஷம் கழித்து வந்தது. 1969-க்குப் பிறகு கோட்டையில் உட்கார்ந்த இரண்டு கறுப்புக் கண்ணாடிகளுமே டெல்டா சம்பந்தமுள்ளவை. ஒன்று திருக்குவளையில் பிறந்தது. மற்றது கண்டிக்குப் பக்கத்தில் பிறந்து கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்தது. கலைஞரின் கண்ணாடிக்கு வைத்தியக் காரணம் உண்டு, 1953 கார் விபத்தில் கண் பாதிக்கப்பட்டது. எம்.ஜி.ஆரின் கண்ணாடிக்கு என்ன காரணம் என்று அவரிடமே கேட்கும் தைரியம் நாட்டில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்! நம் விஷயத்துக்கு முக்கியமானவர் கலைஞர்தான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பத்துப் பதினைந்து பத்திரிகை படித்து, உடன்பிறப்புகளுக்குக் கடிதம் எழுதித் தள்ளினார். நிறம் வாசிப்புக்கு உதவுகிறதோ இல்லையோ, தடுக்கவில்லை என்பதற்கு முரசொலிக் கட்டுகள் சாட்சி. 2017-இல் அந்தக் கண்ணாடியை மாற்றியபோது, அது கட்சிப் பிளவுக்கு நிகரான செய்தியாயிற்று.

இனி வருவது விஞ்ஞானம், நிமிர்ந்து உட்காருங்கள். 1980-இல் நியூசிலாந்து ஆசிரியை ஆலிவ் மியர்ஸ் ஒன்றை எழுதினார்: சில பிள்ளைகளுக்கு வெள்ளைத் தாள் கூசுகிறது, எழுத்து நகர்கிறது, நிறத் தாளை மேலே வைத்தால் அடங்குகிறது. கலிபோர்னியாவில் ஹெலன் அர்லன் என்ற உளவியலாளரும் இதையே கண்டார், 1983-இல் உளவியலாளர் மாநாட்டில் அறிவித்தார். ஆசிரியை கவனித்ததை எழுதிவிட்டுப் போனார். உளவியலாளர் அதற்கு நோய்ப் பெயர் வைத்தார், பரிசோதனை முறை வைத்தார், பரிசோதிப்பவர்களுக்குப் பயிற்சி வைத்தார், நிறக் கண்ணாடிக்கு விலையும் வைத்தார். 1988-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்ததும் வாசலில் கூட்டம்.

நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்ப்பதில் ஒரு பேஜார் இருந்தது. மருந்தைச் சோதிக்க வேண்டுமானால் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதேமாதிரி சர்க்கரை மாத்திரை, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடியின் நிறத்தைக் கண்ணாடி போட்டவனிடமிருந்தே எப்படி மறைப்பது? ரோஸ் கலர் மாட்டிவிட்டு, தம்பி, நீ எந்த நிறமும் போடவில்லை என்று சொன்னால் அவன் நம்மைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான்.

கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்னால்ட் வில்கின்ஸ் இதில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். கோடு கோடான வடிவங்களைப் பார்த்தால் சிலருக்கு வலிப்பு வருவதை ஆராய்ந்தவர். அச்சடித்த பக்கமே வரி வரியாக, கோடு போட்ட கைலி மாதிரிதானே இருக்கிறது, அதனால்தான் சிலர் மூளை உளைச்சல் படுகிறதோ என்பது அவர் யோசனை. ஒரு பெட்டி செய்தார். உள்ளே எழுத்துள்ள பக்கம், அதன்மேல் விழும் வெளிச்சத்தின் நிறம், அடர்த்தி, பிரகாசம் மூன்றையும் தனித்தனியே திருகலாம். எழுத்து அடங்கும் இடத்தைப் பிள்ளையே சொல்லும். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்திலும் வெள்ளைச் சட்டை வெள்ளையாகத்தான் தெரிகிறது, இல்லையா? பெட்டிக்குள் பார்க்கும் கண்ணும் அப்படிப் பழகிவிடும். வெளியே வந்தால் தேர்ந்தெடுத்த நிறம் துல்லியமாக எது என்று சொல்ல முடியாது. இதுதான் பிடி! சரியான நிறத்தில் ஒரு கண்ணாடி, கொஞ்சம் தள்ளி, சுகம் தராத நிறத்தில் இன்னொன்று. எது எது என்று பிள்ளைக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. பீப்ஸுக்கு இதைக் காட்டியிருந்தால் புதைத்த சீஸைத் தோண்டிக் கொடுத்திருப்பார்.

68 பிள்ளைகள், ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு மாதம், தலைவலியும் கண்வலியும் வந்த நாட்களைக் குறிக்க டைரி. 1994-இல் வெளியான முடிவு: சரியான நிறம் போட்ட நாட்களில் தொந்தரவு குறைவு. ஆனால் டைரியை முழுசாக எழுதிக் கொடுத்தவர்கள் 36 பேர்தான். தினமும் எழுதும் வீட்டுப்பாடம் கேம்பிரிட்ஜிலும் பட்டுக்கோட்டையிலும் ஒரே கதிதான்போல. மீதிப் பேர் என்ன எழுதியிருப்பார்கள் என்பதில் சந்தேகக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வலி குறைவது ஒன்று, படிப்பு ஏறுவது வேறொன்று என்றும் சொன்னார்கள். 2009-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் கூடி, கற்றல் குறைபாட்டுக்கு நிறக் கண்ணாடி உதவுகிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று கூட்டறிக்கை விட்டார்கள்.

2011-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆராய்ச்சியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். படிக்கச் சிரமப்படும் 61 பிள்ளைகளை அர்லன் முறையில் பயிற்சி பெற்றவரிடம் காட்டினார்கள். 47 பேருக்கு அந்த நோய் இருக்கிறது என்றார். நூற்றுக்கு 77! இத்தனை மகசூல் எந்தக் குறுவையில் கண்டோம்? பிறகு அவரே தேர்ந்த நிறத் தாளையும் வேறு தாளையும் மாற்றி மாற்றி வைத்துப் படிக்கவைத்தார்கள். வேகத்தில் வித்தியாசமே இல்லை.

நிறம் வெறும் புரட்டு என்று நான் சொல்லவரவில்லை. நிறம் வெளிச்சத்தைக் குறைக்கும், அதற்கு எந்த டைரியும் வேண்டாம். அந்த வேலைக்கு ஆள் தேடினால் லண்டன் போக வேண்டியதில்லை, அதிராம்பட்டினம் உப்பளத்துக்கு வந்தால் போதும். கோடையில் மேலே சூரியன், காலுக்குக் கீழே அதைவிட வெள்ளையாகப் பாத்தி, உச்சிவேளையில் வாரிக் குவிக்கிறவர்களுக்கு நெற்றிவரை இழுத்துவிட்ட துண்டுதான் கண்ணாடி. எந்த நிறம் சுகமாக இருக்கிறது என்று பெட்டிக்குள் பார்க்கச் சொல்லித் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். காக்கா கம்பன் எக்ஸ்பிரஸில் போட்டுவந்ததே போதும்.